காது அடைத்துக்கொண்டால்: வீட்டிலேயே பாதுகாப்பாகச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

குடத்துக்குள் தலையை விட்டுப் பேசியதுபோல் சொந்தக் குரலே முழங்கும். எதிரில் இருப்பவர் பேசுவது மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் கேட்கும். காது அடைத்துக்கொண்டால் எல்லாருக்கும் தோன்றுவது ஏறக்குறைய இதுதான். ஆனால் அடைப்பு இருக்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. செவிப்பறைக்கு இந்தப் பக்கம் என்றால் குறும்பி அல்லது தண்ணீர். அந்தப் பக்கம் என்றால் காற்றழுத்தம் அல்லது சளியோடு சேர்ந்த நீர். சில நேரம் எங்குமே அடைப்பு இருக்காது. கேட்கும் நரம்பு திடீரென்று சோர்ந்துபோயிருக்கும். மூளை அதையும் ‘அடைப்பு’ என்றுதான் உணரும்.

இதைப் பிரித்துப் பார்க்காமல் கைக்குக் கிடைத்ததைக் காதில் விடுவதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்குத் தொடக்கம். சளியால் அடைத்த காதில் எத்தனை நாள் எண்ணெய் விட்டாலும் பயனில்லை, ஏனென்றால் எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாது. குறும்பி அடைத்த காதை மூக்கைப் பிடித்து ஊதித் திறக்க முடியாது. நரம்புக் கோளாறுக்கு இந்த இரண்டையும் செய்துகொண்டிருந்தால், சிகிச்சைக்கு உரிய நாட்கள் கைநழுவிப்போகும். ஆகவே முதல் வேலை, சொட்டு மருந்தைத் தேடுவது அல்ல.

முதலில் ஒரு ‘ம்ம்ம்’

ஒரு காது மட்டும் அடைத்திருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அமைதியான அறையில் வாயை மூடிக்கொண்டு, தாழ்ந்த குரலில் மூன்று, நான்கு விநாடி ‘ம்ம்ம்’ என்று இழுங்கள். ஒலி எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது என்று கவனியுங்கள்.

அடைத்த காதிலேயே பலமாகக் கேட்டால் பொதுவாக நல்ல செய்தி. ஒலி போகும் பாதையில்தான் தடை. குறும்பி, நீர், அழுத்தம் இவற்றில் ஒன்று. நம்ப முடியவில்லை என்றால் நன்றாக இருக்கும் காதை விரலால் பொத்திக்கொண்டு மறுபடி இழுத்துப் பாருங்கள், ஒலி அந்தப் பக்கம் தாவும். வெளிச்சத்தம் தடைபடும் காதில், எலும்பு வழியே வரும் சொந்தக் குரல் ஓங்கி ஒலிக்கும்.

மாறாக, அடைத்த காதில் மங்கி நல்ல காதில் பலமாகக் கேட்டால், அதிலும் கேட்கும் திறன் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குறைந்திருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காலையில் எழும்போதே ஒரு காது செத்ததுபோல் இருப்பது, கூடவே ‘ஙொய்’ என்ற இரைச்சல், தலைசுற்றல் எல்லாம் இதற்கான அடையாளங்கள். திடீர் செவித்திறன் இழப்புக்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு. முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் அதிகம், 2 வாரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ‘சளிதான், தானாகச் சரியாகிவிடும்’ என்று காத்திருந்து காதை இழந்தவர்கள் நிறைய. இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு துல்லியமானது அல்ல. சந்தேகமாக இருந்தால் மோசமானதையே கணக்கில் எடுங்கள்.

அடுத்து, எங்கே அடைப்பு?

தலைக்குக் குளித்தபின், நீந்தியபின், அல்லது பட்ஸ் போட்டுக் குடைந்தபின் அடைத்தால் குறும்பி அல்லது தண்ணீர். ஜலதோஷம், ஒவ்வாமை, விமானம், மலைப்பாதை இவற்றோடு சேர்ந்து வந்தால் நடுச்செவி அழுத்தம். விழுங்கும்போது ‘டிக்’ என்று ஓசை வந்து ஒரு கணம் திறந்து மூடினால் அதுவும் அழுத்தம்தான்.

காது துவாரத்துக்கு முன்னால் கன்னத்தை ஒட்டி ஒரு சிறு மேடு இருக்கிறதே, அதை அழுத்துங்கள். காது மடலையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால் வெளிச்செவியில் தொற்று இருக்கலாம். எதையும் உள்ளே விடக்கூடாது. மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் தாடை மூட்டில் வலித்தால், காதைவிடத் தாடையைச் சந்தேகிப்பதே சரி.

இன்னொரு விசித்திரமான வகையும் உண்டு. சொந்த மூச்சே காதுக்குள் புயல்போலக் கேட்கும். படுத்தாலோ தலையைத் தொங்கப்போட்டாலோ சரியாகிவிடும். அது அடைப்பே அல்ல. நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்பகுதிக்குப் போகும், சாதாரணமாக மூடியிருக்க வேண்டிய குழாய் திறந்தே கிடக்கிறது. திடீரென்று உடல் இளைத்தவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். ஊதி ஊதிப் பார்ப்பதால் இங்கே எந்தப் பயனும் இல்லை.

நடுச்செவி அழுத்தத்தை விடுவிப்பது

நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் இணைப்பது யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்கு ஏறத்தாழ 3.5 செ.மீ. நீளம். சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து ஒரு நொடிக்கும் குறைவான நேரம் திறக்கும். நடுச்செவியின் உள்சவ்வு அங்குள்ள காற்றை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், இந்தச் சிறு திறப்புகள்தான் அதை நிரப்புகின்றன. சளியால் குழாயின் வாய் வீங்கினால் காற்று போகாது, செவிப்பறை உள்நோக்கி இழுபடும், நாளானால் நீர் கசிந்து தேங்கும். ஆக, செய்யவேண்டியது காதில் அல்ல, மூக்கிலும் தொண்டையிலும்.

எளிதானதிலிருந்து தொடங்குங்கள்.

1. ஒரு டம்ளர் தண்ணீரைச் சிறு மிடறுகளாக, பத்துப் பன்னிரண்டு முறை விழுங்குங்கள். இடையில் கீழ்த்தாடையை முன்னே தள்ளிக் கொட்டாவி விடுங்கள். பொய்க் கொட்டாவியே போதும். இரண்டு மூன்றுக்குப் பிறகு நிஜமானது வந்துவிடும்.

2. போதவில்லை என்றால் மூக்கின் மென்பகுதியை இரு விரலால் மூடிக்கொண்டு ஒரு மிடறு விழுங்குங்கள். இதற்கு டாயின்பீ முறை என்று பெயர். ஊதுவதே இல்லை என்பதால் இதுவும் மென்மையான வழிதான்.

3. கடைசியாகத்தான் வால்சால்வா. முதலில் மூக்கை ஒவ்வொரு துளையாக மெல்லச் சிந்துங்கள். இரண்டையும் அடைத்துச் சிந்தினால் சளி குழாய்க்குள் ஏறும். உட்கார்ந்த நிலையில் பாதி மூச்சு இழுத்து, வாயையும் மூக்கையும் மூடி, கண்ணாடியில் ஆவி படர ஊதும் அளவு பலத்தோடு 2 அல்லது 3 விநாடி அழுத்துங்கள். ‘டப்’ என்றதும் நிறுத்தி ஒருமுறை விழுங்குங்கள். திறக்கவில்லையானால் சில நிமிடம் விட்டு மறுபடி. ஒரு வேளைக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

முகம் சிவக்க ஊதுவதால் குழாய் திறக்காது, இன்னும் நெரியும். அழுத்த வேறுபாடு ஓர் அளவைத் தாண்டினால் தசையால் அதை இழுத்துத் திறக்கவே முடியாமல் பூட்டிக்கொள்ளும். அதிலும் மேலே ஊதினால் உட்செவியின் மெல்லிய சவ்வு கிழிந்து நிரந்தரச் சேதம் நேரலாம். அண்மையில் கண்ணிலோ காதிலோ அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், இதயக் கோளாறு அல்லது விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள், மூக்கில் கெட்டியான மஞ்சள் சளி ஓடும் நிலையில் உள்ளவர்கள் வால்சால்வாவைத் தவிர்த்துவிட வேண்டும்.

இவற்றோடு மூக்கையும் கவனியுங்கள். உப்பு நீர்த் தெளிப்பு ஒரு நாளுக்கு மூன்று நான்கு முறை அடிக்கலாம். வீட்டில் தயாரிப்பதானால் ஒரு லிட்டர் நீருக்கு 9 கிராம் உப்பு. குழாய்த் தண்ணீரை நேரே மூக்கில் ஏற்றக்கூடாது. ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்தது, அல்லது காய்ச்சி வடித்தது மட்டுமே. அரிதாக, நன்னீர் அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போய் உயிரைப் பறித்த நிகழ்வுகள் உண்டு.

ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகை மூக்கடைப்புத் தெளிப்புகள் சில நிமிடத்தில் வேலை செய்யும். ஆனால் 3 நாளைக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் விளைவு தீர்ந்ததும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைத்துக்கொண்டு, தெளிப்பு இல்லாமல் இருக்க முடியாத நிலைக்குத் தள்ளும். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய், கர்ப்பம், சிறு குழந்தை என்றால் கேட்காமல் போடவேண்டாம். ஒவ்வாமையால் மூக்கு அடிக்கடி அடைப்பவர்களுக்குத் தினசரி ஸ்டீராய்டு தெளிப்பு உதவும். அதன் பலன் தெரிய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். வலது கையால் இடது துளைக்கும் இடது கையால் வலது துளைக்கும் அடித்தால் மருந்து நடுத்தண்டில் படாது. மூக்கில் ரத்தம் கசிவது இந்த ஒரு பழக்கத்தாலேயே பெரிதும் குறைந்துவிடும்.

ஆவி பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்குக்கு இதமாக இருக்கும். காதைத் திறந்துவிடும் என்று நம்பவேண்டாம். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து ஏற்படும் தீக்காயங்களை நினைத்தால், குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஜலதோஷத்துக்குப் பின் அடைப்பு ஓரிரு வாரம் நீடிப்பது சகஜம். குழந்தைகளுக்குக் குழாய் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் நீர் வடிய 3 மாதம்கூட ஆகலாம். மூக்கால் ஊதிப் பெருக்கும் பலூன் கருவியைப் பள்ளி வயதுப் பிள்ளைகள் தினம் மூன்று முறை பயன்படுத்தலாம், மருத்துவர் பார்த்தபின்.

விமானத்தில் தொல்லை தருவது இறங்கும் கட்டம். தரை தொடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே விழித்திருங்கள்; தூங்கினால் விழுங்குவது குறைந்துவிடும். சளி பிடித்தவர்கள் மூக்கடைப்புத் தெளிப்பை, இறங்கத் தொடங்குவதற்கு அரைமணி முன்பு போட வேண்டும். காது வலித்தபின் போடுவது தாமதம். வலி வருவதற்குமுன்பே சில நிமிடத்துக்கு ஒருமுறை விழுங்குங்கள். கைக்குழந்தைக்குப் பால் அல்லது சூப்பான். அடைத்த காதோடு கடலில் முக்குளிப்பது மட்டும் கூடாது. 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடும்.

குறும்பி அடைப்பு

குறும்பி அழுக்கு அல்ல. காதுக்குழாயின் வெளி மூன்றில் ஒரு பங்கில் உள்ள சுரப்பிகள் தயாரிக்கும் மெழுகு அது. உள்தோலை ஈரத்திலிருந்தும் கிருமியிலிருந்தும் காக்கிறது. செவிப்பறையிலிருந்து தோல் மெல்ல வெளிப்புறமாக நகர்ந்து வருவதால் குறும்பியும் தானே வந்து உதிரும். தாடை அசைவும் அதற்கு உதவும்.

இந்த ஓட்டத்தைத் தலைகீழாக்குவது பட்ஸ். 2.5 செ.மீ. நீளக் குழாய், அதில் வாய்ப்பக்கம் மட்டும் குறும்பி. பட்ஸை விட்டுச் சுழற்றினால் பஞ்சின் பக்கவாட்டில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டு வரும். சுத்தமாகிவிட்டது என்று நினைப்போம். பஞ்சின் முனைக்கு முன்னால் இருந்ததோ, துப்பாக்கிக் குழலில் மருந்து கெட்டித்ததுபோல், குறும்பி சுரக்கவே சுரக்காத உட்பகுதிக்குப் போய் இறுகிவிடும். அங்கே தோல் மெல்லியது, நேரே எலும்பின்மேல் ஒட்டியது, தானாக வெளியேறும் வேகமும் குறைவு. அடுத்த முறை தலைக்கு ஊற்றும்போது அந்தக் கட்டி நீரில் ஊறிப் பெருத்து, காது முழுக்க அடைத்துக்கொள்ளும். பட்ஸ் பெட்டியிலேயே ‘காதுக்குழாய்க்குள் விடாதீர்கள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். படிப்பவர்தான் இல்லை. கேமரா பொருத்திய புதுவகைக் குடைகருவிகளும் இதே ஆபத்துதான். படம் தெளிவாகத் தெரியும், ஆழம் தெரியாது.

யார் சொட்டோ நீரோ விடக்கூடாது என்பதை முதலில் பாருங்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம், காதில் எப்போதாவது அறுவைச் சிகிச்சை, காற்றோட்டத்துக்குச் சிறு குழாய் பொருத்திய செவிப்பறை, சீழ் அல்லது ரத்தக் கசிவு, வலி, கடந்த 6 வாரத்துக்குள் நடுச்செவித் தொற்று: இவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். நீர் பீய்ச்சுவதை மட்டும் பொறுத்தவரை, சர்க்கரை நோயாளிகள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள், ஒரே ஒரு நல்ல காது மட்டும் உள்ளவர்கள் வீட்டில் முயலவேண்டாம். சர்க்கரை நோயாளிகளின் காதுக்குழாயில் சிறு கீறல் பட்டு ஈரம் தங்கினால், தொற்று எலும்புவரை போகக்கூடும்.

சொட்டு விடும் முறை

ஆலிவ் எண்ணெய், 5 சதவீத சோடியம் பைகார்பனேட் சொட்டு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சம அளவு நீரில் கலந்தது, சாதாரண உப்பு நீர், எதுவானாலும் சரி. ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்தது என்று உறுதியாக நிறுவப்படவில்லை. எங்கள் தேர்வு எண்ணெய், தோலை வறட்டாது. பெராக்சைடு நுரைத்துச் சத்தம் போடுவதால் பலமாக வேலை செய்வதுபோல் தோன்றும். 4 நாளைக்கு மேல் போட்டால் தோல் எரியும். பாதாம் எண்ணெய் கலந்த சொட்டுகளும் உண்டு. கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

பாட்டிலை 5 நிமிடம் உள்ளங்கையில் மூடி வைத்திருங்கள், உடல் சூடு ஏறினால் போதும். அடுப்பில் காய்ச்சிய எண்ணெய், மைக்ரோவேவில் சுடவைத்தது எதுவும் கூடாது. செவிப்பறையையே பொசுக்கிவிடும்.

அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். காது மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுங்கள். ‘எஸ்’ வளைவில் இருக்கும் குழாய் நேராகும். 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் கீழும் பின்னுமாக. 3 முதல் 5 சொட்டு, துவாரத்தின் நடுவில் அல்ல, சுவரோரமாக வழியவிடுங்கள். நடுவில் விட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு மருந்து வாசலிலேயே நின்றுவிடும். பிறகு முன் மேட்டை ஐந்தாறு முறை அழுத்தி அழுத்தி விடுங்கள், சொட்டு உள்ளே இறங்குவது கேட்கும். 5 முதல் 10 நிமிடம் அப்படியே படுத்திருந்து, எழுந்து, வெளியே வழிவதை மட்டும் துடையுங்கள். பஞ்சு வைத்து அடைத்தால் விட்ட எண்ணெயைப் பஞ்சுதான் குடிக்கும்.

நாளுக்கு 3 முறை, 3 முதல் 5 நாள். முதல் ஓரிரு நாளில் அடைப்பு அதிகமானதுபோல் இருக்கும். கட்டி ஊறிப் பருப்பதால் வருவது, பயப்பட வேண்டாம். வலி வந்தால் மட்டும் நிறுத்துங்கள். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். கட்டி மொத்தமாக வந்து விழாமல், இரண்டு வாரத்துக்குள் துணுக்குத் துணுக்காகத் தலையணையில் கறையாக வெளியேறிவிடும்.

நீர் விட்டுக் கழுவுவது

சொட்டில் நன்றாக ஊறிய பிறகே இது. காய்ந்த கட்டிமேல் நீரைப் பீய்ச்சினால் அது பின்னால்தான் நகரும். தேவை: ரப்பர் பல்ப் சிரிஞ்ச், கொதித்து ஆறிய நீர் ஒரு கிண்ணம், ஏந்திக்கொள்ள இன்னொரு கிண்ணம், துண்டு. பல் இடுக்கு சுத்தம் செய்யும் நீர்ப்பீச்சியைப் பயன்படுத்தக் கூடாது. அதன் வேகம் செவிப்பறையைக் கிழிக்கும்.

நீரின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். இதில் கவனம் தேவை. காதுக்குழாய்க்குச் சற்றே உள்ளே சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. நீர் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் அவற்றிலுள்ள திரவம் நகர்ந்து அறை சுழலும், வாந்தி வரும். மருத்துவமனையில் சமநிலைச் சோதனைக்கே 30 டிகிரி நீரையும் 44 டிகிரி நீரையும் வேண்டுமென்றே விடுகிறார்கள். உடல் சூட்டிலிருந்து வெறும் 7 டிகிரி வித்தியாசம் போதும் தலையைச் சுற்றவைக்க. தெர்மாமீட்டர் இல்லையென்றால் மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விடுங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்து, கிண்ணத்தைக் காதுக்குக் கீழே கழுத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். மடலை மேலும் பின்னும் இழுத்து, சிரிஞ்ச் முனையை வாசலில் மட்டும் வையுங்கள். துவாரம் முழுவதையும் அடைத்துவிடக் கூடாது, நீர் திரும்பி வர இடம் வேண்டும். முனையைக் குழாயின் மேற்கூரையையும் பின்சுவரையும் நோக்கிச் சாய்த்து, மெல்ல அழுத்துங்கள். நீர் கூரையோரமாகக் கட்டியைத் தாண்டிப்போய், பின்னாலிருந்து அதை வெளியே தள்ளும். நேரே செலுத்தினால் எதிர்விளைவு. நான்கைந்து முறை விட்டுப் பாருங்கள். பழுப்புத் துணுக்குகளோ பயறு அளவுக் கட்டியோ கிண்ணத்தில் விழுந்தால், அந்த நொடியே உலகத்துச் சத்தமெல்லாம் கூசும்படி கேட்கும்.

சுருக்கென்ற வலி, தலைசுற்றல், தொண்டையில் நீரின் சுவை: மூன்றில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். தொண்டையில் சுவை தெரிந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். முடித்ததும் தலையைச் சாய்த்து வடியவிட்டு, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு கை நீளத்துக்கு அப்பால் பிடித்து அரை நிமிடம் காட்டுங்கள். வரவில்லையானால் இரண்டு நாள் சொட்டுவிட்டு இன்னொரு முறை. அதற்கும் வராவிட்டால் மருத்துவர் உறிஞ்சு குழலால் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார். மூன்றாம் முறை போராடுவதில் அர்த்தமில்லை.

காதில் செருகும் மெழுகுவர்த்தி குறும்பியை உறிஞ்சுவதே இல்லை. எரித்தபின் அடியில் தெரியும் பழுப்புத் தூள் மெழுகுவர்த்தியினுடையதே. காதில் வைக்காமல் எரித்தாலும் அதேதான் இருக்கும். காதில் உருகி விழும் மெழுகு புதிய அடைப்பு.

தண்ணீர் புகுந்தால்

அந்தக் காதைக் கீழே சாய்த்து மடலை நாலாபுறமும் இழுத்து ஆட்டுங்கள். வடியவில்லையென்றால் ஹேர் டிரையர், மேலே சொன்ன தூரத்தில். ஆரோக்கியமான காது உள்ளவர்கள் வெள்ளை வினிகரும் ரப்பிங் ஆல்கஹாலும் சம அளவு கலந்து ஓரிரு சொட்டு விடலாம். ஒருநாள் தாண்டியும் குலுங்கினால் அது வெறும் தண்ணீராக இல்லாமல், ஊறிய குறும்பியாக இருக்கலாம்.

பூச்சி, விதை, பட்டன் பேட்டரி

உயிருள்ள பூச்சி என்றால் சில சொட்டு எண்ணெய் விட்டு அடக்கிவிட்டு மருத்துவரிடம் போங்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் எண்ணெயும் விடவேண்டாம். விதை, பயறு என்றால் நீர் கூடாது, ஊறிப் பெருக்கும். பட்டன் பேட்டரி என்றால் ஒரு சொட்டுகூட விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு. சில மணி நேரத்திலேயே தோலை அரித்துவிடும்.

மருத்துவரிடம் போகவேண்டிய நேரம்

திடீர்க் கேட்பு இழப்பை முதலிலேயே சொன்னோம். தலையில் அடிபட்டபின் அடைப்பு, ரத்தம் அல்லது சீழ், முகம் ஒருபக்கம் கோணுவது, காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னே தள்ளுவது, காய்ச்சலோடு கடும் வலி: இவையும் அன்றைக்கே பார்க்கவேண்டியவை. பெரியவர் ஒருவருக்கு ஜலதோஷமே இல்லாமல் ஒரே காது வாரக்கணக்கில் அடைத்திருந்தால், மூக்கின் பின்பகுதியைக் கருவி வழியே பார்த்துவிடச் சொல்லுங்கள். யூஸ்டேஷியன் குழாயின் வாயை அங்கே ஏதேனும் கட்டி அழுத்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்து ‘எந்தக் காதில் கேட்கிறது?’ என்பார். நீங்கள் ‘ம்ம்ம்’ என்று இழுத்துப் பார்த்ததன் முறையான வடிவம் அது. எந்தத் தேதியில், எதற்குப்பின் அடைத்தது என்பதைச் சொல்லுங்கள். பழைய அறுவைச் சிகிச்சைகளை மறைக்காதீர்கள். என்ன சொட்டு விட்டீர்கள் என்று கேட்டால் காட்ட, பாட்டிலையே கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.